கைத்தொலைபேசிக்கு ஏற்ற வாசிப்புச் செயலி

வன்னிப் பெருநிலத்திலே இன்று ஒரு வீட்டில் இருக்கும் கைத்தொலைபேசி பேசுவதற்கு மாத்திரம் உரிய கருவி அன்று. பிள்ளையின் பாடநூலும், கடந்த வருடங்களின் பரீட்சை வினாத்தாள்களும், வெள்ளிக்கிழமை தோறும் வெளியாகும் அரசாங்க வர்த்தமானியும், நெற்செய்கை பற்றி விவசாயத் திணைக்களம் வெளியிடும் துண்டுப்பிரசுரமும், பிரதேச செயலகத்தின் விண்ணப்பப் படிவமும், அம்மப்பா ஒரு காலத்தில் விரும்பி வாசித்துப் பின்னர் இழந்துபோன நாவலும் ஒரே சிறிய திரையிலே திறக்கப்படுகின்றன. இந்த வழக்கம் ஆடம்பரத்தினால் வந்ததன்று. 2020 மார்ச்சில் தொற்றுநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர்கள் பாடக் குறிப்புகளை வட்ஸ்அப் மூலம் அனுப்பத் தொடங்கினார்கள். 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்து, கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்படும் அளவுக்கு நிலைமை முற்றியபோது, போட்டோக்கொப்பி எடுத்துப் படிப்பதென்பது சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத காரியமாயிற்று. அவ்வாறு அவசியத்தினால் வந்த பழக்கம் அவசியம் குறைந்த பின்னும் நிலைத்துவிட்டது.

வேகமான இணையமும் புதிய கருவியும் உடையவர் எந்தச் செயலியை வைத்திருந்தாலும் அவருக்குப் பெரிய நட்டம் இல்லை. ஆனால் ஒட்டுசுட்டானுக்கு அப்பாலோ, நெடுங்கேணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலோ, 2 கிகாபைட் ராம் உடைய ஒரு பழைய அன்ட்ரொய்ட் தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்தும் வீட்டில், சிக்னல் முற்றத்தில் இருந்தால் அறையில் இல்லாமலும், ரீலோட் போட்ட டேட்டா மாத முடிவுக்கு முன்னரே தீர்ந்தும் போகின்ற நிலையில், செயலித் தெரிவு உண்மையான பிரச்சினையாகிறது. தவறான செயலி பக்கத்தைத் திறக்கையிலே திணறும். திறந்தால் நடுவிலே நின்றுவிடும். விளம்பரத்துக்காக டேட்டாவைச் செலவழிக்கும். மறுநாள் திறந்தால் முதற் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும். இவற்றைக் கண்டு மனம் சலித்த பிள்ளை, வாசிப்பதே சிரமமான காரியம் என்று எண்ணிக்கொள்கிறது. சிரமம் நூலில் இல்லை, செயலியில்தான் இருக்கிறது என்பதை அதற்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

ஆதலின் இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். செயலியை அதன் கீர்த்தியை வைத்தோ, அதில் அடங்கிய வசதிகளின் எண்ணிக்கையை வைத்தோ தெரியலாகாது. உங்கள் வீட்டில் அதிகமாக வாசிக்கப்படும் பக்கம் எத்தன்மையது என்பதை முதலிற் கண்டு, அந்தப் பக்கத்தைச் சிரமமின்றித் திறப்பது எதுவோ அதையே தெரிய வேண்டும்.

பக்கத்தின் இயல்பு

பீடிஎப் என்று எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். அடோபி நிறுவனம் 1993 இல் வெளியிட்டு, 2008 இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட இந்த வடிவத்தினுள்ளே முற்றிலும் வேறுபட்ட இரண்டு பொருள்கள் இருக்கக்கூடும். ஒன்று, கணினியில் எழுத்துக்களாகவே அமைக்கப்பட்ட பக்கம். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் இணையத்தளத்தில் வழங்கும் பாடநூல்கள் இவ்வகையின. மற்றையது, அச்சிட்ட தாளை ஸ்கான் செய்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு படமாகக் கோர்த்த கோப்பு. எழுத்துக்களைப் போலத் தோன்றினாலும் அதில் இருப்பவை எழுத்துக்கள் அல்ல, எழுத்துக்களின் படங்கள்.

இவ்விரண்டாம் வகைதான் நம்மவருக்கு விசேஷமாக வேண்டப்படுவது. அதன் காரணம் நமது சரித்திரத்திலே இருக்கிறது. 1981 மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வன்னியிலே அழிவு வேறு விதமாக நிகழ்ந்தது. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் குடும்பங்கள் ஊர் ஊராகப் பெயர்ந்து, கடைசியில் செட்டிகுளத்து முகாம்களை அடைந்தபோது, வீட்டுப் புத்தகங்கள் வழியிலும் பதுங்குகுழிகளிலும் கைவிடப்பட்டன. பாடசாலை நூலகங்களும் வாசிகசாலைகளும் அவ்வாறே போயின. இந்த நிலையில், 2005 இல் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து எவரும் இலவசமாகத் தரவிறக்கும்படி வைத்திருப்பது சாமானியமான தொண்டு அன்று. வன்னியைப் பற்றி ஆராய விரும்பும் மாணவர் ஒருவர் பேராசிரியர் சி. பத்மநாதன் 1970 இல் வெளியிட்ட ‘வன்னியர்’ என்னும் ஆய்வு நூலையோ, முல்லைத்தீவு மண்ணின் வாழ்வைக் கதைப்பொருளாகக் கொண்டு 1973 இல் வந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யையோ புத்தகக்கடையில் எளிதில் வாங்க முடியாது, இத்தகைய பழம் பதிப்புகள் கிடைக்குமாயின் பெரும்பாலும் ஸ்கான் செய்த வடிவிலேதான் கிடைக்கும். படப் பக்கத்தைச் செம்மையாகக் காட்டாத செயலி நமக்குப் பாதி பிரயோசனமும் இல்லாதது என்று நான் கருதுவது இதனாலேயே.

படப் பக்கம் தொலைபேசிக்கு ஏன் பாரமாகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கான் செய்தால் அகலத்தில் 2,480 புள்ளிகளும் உயரத்தில் 3,508 புள்ளிகளுமாக ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் உண்டாகின்றன. கோப்பிலே அவை சுருக்கி வைக்கப்பட்டிருப்பதால் பக்கத்துக்கு ஐம்பது, நூறு கிலோபைட் மாத்திரமே கொள்ளக்கூடும். ஆனால் திரையிலே காட்டுவதற்காக அந்தச் சுருக்கத்தை விரிக்கும்போது, ஒரு புள்ளிக்கு 4 பைட் என்ற கணக்கில், ஒரு பக்கமே ஏறத்தாழ 35 மெகாபைட் நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும். பத்து மெகாபைட் அளவே உள்ள புத்தகம் 2 கிகாபைட் ராம் உள்ள தொலைபேசியைத் திணறச் செய்வது ஏன் என்று வியப்பவருக்கு விடை இதுவே. அத்தொலைபேசியின் ராமிலே பெரும்பகுதியை அன்ட்ரொய்டும் வட்ஸ்அப்பும் முன்னரே எடுத்துக்கொண்டிருக்கும். எஞ்சிய இடத்தில் நாலைந்து பக்கங்களை முழுமையாக விரித்து வைக்க முயலும் செயலி தானாகவே மூடிக்கொள்கிறது.

மலிவான தொலைபேசியின் திரையிலோ பெரும்பாலும் 720 க்கு 1,600 புள்ளிகளே, அதாவது பதினொன்றரை இலட்சமே உள்ளன. அதற்காக 87 இலட்சத்தையும் எடுத்துப் பரப்புவது, ஒரு மரக்கால் நெல் வேண்டியவன் களஞ்சியம் முழுவதையும் முற்றத்திலே கொட்டுவதை ஒக்கும். நல்ல செயலி திரையில் தெரியும் பகுதியை மட்டும் திரைக்கு வேண்டிய அளவில் வரைந்து, அடுத்து வரும் பக்கத்தைப் பின்னணியில் ஆயத்தமாக்கி, கடந்த பக்கத்தை உடனே விட்டுவிடும். இலேசான செயலி என்று நாம் சொல்லும்போது, தரவிறக்கும் அளவு சிறியது என்பது இரண்டாம் பட்சமே. ஓடும்போது நினைவகத்தைச் சிக்கனமாகக் கையாள்வதுதான் முதலாவது இலட்சணம்.

அடுத்தது எழுத்தின் பருமன். ஆறரை அங்குலத் தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் ஏழு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். எனவே எழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதைப் பெரும்பாலான செயலிகளால் வாசிக்கத்தக்கதாக்க முடியாது, பெரிதாக்கி நகர்த்தி நகர்த்தியே வாசிக்க வேண்டும். ஆனால் பழைய தமிழ் நூல்கள் பல 14 சென்ரிமீற்றர் அளவு அகலமுடையவை. அவற்றின் இரு ஓரத்திலும் இரண்டிரண்டு சென்ரிமீற்றர் வெறுமையாக இருக்கும். அந்த வெறும் விளிம்பைச் செயலி நறுக்கிவிட்டால், பத்து சென்ரிமீற்றர் எழுத்துப்பரப்பு திரை முழுவதும் பரவி, எழுத்து மூலத்தின் மூன்றில் இரண்டு பங்கு பருமனுக்கு வந்துவிடும். தொலைபேசியைக் குறுக்காகத் திருப்பினால் எழுத்து மூலத்தைவிடவும் பெரிதாகவே தெரியும். விளிம்பு நறுக்கும் வசதி ஒரு சிறு வசதியாகத் தோன்றினாலும், இரவில் மங்கிய ஒளியிலே வாசிக்கும் நாற்பது வயது கடந்தவருக்கு வாசிப்பதற்கும் வாசியாமல் விடுவதற்கும் இடையில் உள்ள வேறுபாடு அதுவாகவே இருக்கிறது. இதனோடு, விரித்து வைத்த புத்தகத்தின் இரு பக்கங்களையும் ஒன்றாக ஸ்கான் செய்த கோப்புகளும் உண்டு. அவற்றை நடுவிலே பிளந்து இடப்பக்கம், வலப்பக்கம் என ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டவல்ல செயலி நம்மவருக்கு வேண்டும்.

பாமினி எழுத்துருவினால் வரும் இடர்

எழுத்தாகவே அமைந்த பீடிஎப் கோப்பு இலேசானது. எந்தச் செயலியும் அதனை நன்றாகத் திறக்கும். ஆயினும் ஓர் இடர் உண்டு. இலங்கையில் தமிழ் தட்டெழுதுவோர் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவைக் கையாண்டு வந்துள்ளனர். அதிலே தமிழ் உருவங்கள் ஆங்கில எழுத்துக்களுக்கு உரிய இடங்களில் வைக்கப்பட்டிருப்பதால், கணினி அதைத் தமிழென அறிவதில்லை. ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு சரமாகவே அறிகிறது. எழுத்துரு கோப்பினுள்ளே பதிக்கப்பட்டிருந்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் தேடற்பெட்டியிலே ‘இரணைமடு’ என்று எழுதித் தேடினால், பக்கத்துக்குப் பக்கம் அப்பெயர் இருந்தாலும், ஒன்றும் இல்லை என்றே செயலி சொல்லும்.

வேர்ட் கோப்பின் கதி இதனினும் பரிதாபமானது. வலயக் கல்வி அலுவலகத்துச் சுற்றறிக்கையோ ஆசிரியரின் மாதிரி வினாத்தாளோ பாமினியில் தட்டப்பட்டு வேர்ட் வடிவிலேயே வட்ஸ்அப் குழுவுக்கு வந்தால், தொலைபேசியில் பாமினி எழுத்துரு இல்லாமையால், தமிழ் எழுத்து ஒன்றேனும் தெரியாது. பெற்றோர் தமது தொலைபேசியில் ஏதோ பழுது என்று எண்ணி ஒரு செயலியை நீக்கி இன்னொன்றைத் தரவிறக்கிப் பார்ப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அது வீண் செலவு. செயலியை மாற்றுவதால் மாத்திரம் அது சீராவதில்லை. பிழை அனுப்பிய இடத்திலே இருக்கிறது. அனுப்புகின்ற ஆசிரியர் கணினியில் அதே கோப்பைப் பீடிஎப் ஆகச் சேமித்து அனுப்பினால் எழுத்துரு கூடவே பதிந்து வந்துவிடும். ஒருவருடைய அரை நிமிட வேலையால் நாற்பது குடும்பங்களின் அலைச்சல் தீரும். யுனிகோட்டிலேயே தட்டெழுதிப் பழகினால் இன்னும் நன்று. ஐயம் ஏற்பட்டால் சோதிக்கும் வழி எளிது. பக்கத்திலுள்ள ஒரு வரியை அழுத்திப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யுனிகோட். ஆங்கிலக் குழப்பமாக வந்தால் பாமினியோ அதையொத்த பிற எழுத்துருவோ. வரியை அழுத்தவே முடியாவிட்டால் அது பெரும்பாலும் ஸ்கான் செய்த படம். இந்த ஒரு சோதனை கோப்பின் இயல்பைப் பெரும்பாலும் வெளிப்படுத்திவிடும்.

கண்பார்வை குன்றிய முதியவருக்கு நூலைச் செயலியே உரக்க வாசித்துக் காட்டும் வசதியும் இதனோடு சம்பந்தப்பட்டது. அன்ட்ரொய்டிலே தமிழ்க் குரல் உண்டு. ஆனால் அக்குரல் யுனிகோட் எழுத்தை மாத்திரமே வாசிக்கும். ஸ்கான் செய்த நூலையும் பாமினி நூலையும் வாசிக்கமாட்டாது என்பதை முன்னரே அறிந்திருந்தால் ஏமாற்றம் இல்லை.

மூன்றாவதாக ஈபப் என்னும் வடிவம் இருக்கிறது. திரைக்கேற்ப வரிகள் தாமாகவே மடிந்து அமையும் இவ்வடிவமே சிறு திரைக்கு உகந்தது. முழு நாவல் ஒன்று ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுவதும் உண்டு. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் இவ்வடிவிலேயே பல நூல்களை இலவசமாகத் தருகிறது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் இலக்கியங்களும் யுனிகோட் எழுத்திலே கிடைக்கின்றன. ஈபப் வாசிப்பவருக்கு இரண்டு குறிப்புகள் மாத்திரம் சொல்வேன். வரியின் இரு ஓரங்களையும் நேர்செய்யும் அமைப்பை நிறுத்திவிடுங்கள்; தமிழ்ச் சொற்கள் நீளமானவை ஆதலின் ஒடுங்கிய திரையிலே சொற்களுக்கு இடையில் அகன்ற வெளிகள் விழுந்து கண்ணை உறுத்தும். எழுத்துக்கள் சிதைந்து கொம்பும் காலும் இடம்மாறித் தெரிந்தால், நூலோடு வந்த எழுத்துருவை விலக்கித் தொலைபேசியின் எழுத்துருவைப் பயன்படுத்தும்படி அமைப்பில் மாற்றுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

செயலிகள்

முபீடிஎப் என்னும் செயலி சிக்கனத்துக்கு இலக்கணமானது. பக்கத்தைத் திறத்தல், பெரிதாக்குதல், திரையின் ஓரத்தைத் தட்டிப் பக்கம் திருப்புதல், பொருளடக்கம், தேடல் என்பவற்றுக்கு மேலே அதனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. விளம்பரம் இல்லை, மூலநிரல் எவரும் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. வினாத்தாள்களையும் வர்த்தமானியையும் திறந்து பார்த்து மூடுவதே தேவை என்றால் இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பழைய தொலைபேசி உடையவர் முதலில் இதையே பரீட்சித்துப் பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நூல்களைத் தொடர்ந்து வாசிப்பவருக்கு நான் சிபார்சு செய்வது லிப்ரேரா அல்லது ரீட்எரா. லிப்ரேரா முபீடிஎப் நிரலையே அடித்தளமாகக் கொண்டது. விளிம்பு நறுக்குதல், இரட்டைப் பக்கத்தைப் பிளத்தல், பக்கம் தானாக நகர்தல், உரக்க வாசித்தல் ஆகிய யாவும் அதில் உண்டு. பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைப்பது விளம்பரம் உடையது. கட்டற்ற மென்பொருள்களை மாத்திரம் தொகுத்து வைக்கும் எப்-டிராய்ட் களஞ்சியத்திலே கிடைப்பது விளம்பரம் இல்லாதது. அதன் குறை ஒன்றுதான்: அமைப்புகள் மிகப் பல, புதியவர் மிரண்டு போவார். முதல் நாளில் விளிம்பு நறுக்கும் அமைப்பை மட்டும் தேடிக்கொண்டு மற்றவற்றைத் தொடாமல் விடுவது நல்லது. ரீட்எரா அதனினும் தெளிவான தோற்றமுடையது, இலவசப் பதிப்பிலேயே விளம்பரம் இல்லை, கணக்குத் திறக்கச் சொல்வதும் இல்லை, பீடிஎப், ஈபப், வேர்ட், டிஜேவு ஆகிய வடிவங்கள் எல்லாவற்றையும் திறக்கும், விளிம்பையும் நறுக்கும். பிளே ஸ்டோருக்கு வெளியே போகத் தயங்கும் குடும்பத்துக்கு இதுவே பொருத்தமானது. இவ்விரண்டுக்கும் இடையில் எதைத் தெரிவது என்று கேட்டால், பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே தொலைபேசியைப் பயன்படுத்தும் வீட்டுக்கு ரீட்எராவையும், ஆராய்ச்சி மாணவருக்கும் ஸ்கான் நூல்களில் மூழ்கியிருப்பவருக்கும் லிப்ரேராவையும் சொல்வேன்.

கோரீடர் என்ற செயலி ஸ்கான் செய்த படப் பக்கத்தையே சொற்சொல்லாக வெட்டி, சிறு திரைக்கேற்ப மறுபடி அடுக்கிக் காட்டும் அரிய ஆற்றல் உடையது. கின்டில், கோபோ போன்ற மின்மைத் திரைக் கருவிகளிலும் நிறுவத்தக்கது. வெளிநாட்டில் உள்ள உறவினர் அத்தகைய கருவி ஒன்றை அனுப்பியிருந்தால் அதற்கு இதை நாடலாம். மலிவான தொலைபேசியில் அந்த வெட்டி அடுக்கும் வேலை தாமதமாகவே நடக்கும். ஈபப் மாத்திரம் வாசிப்பவருக்கு எப்பீரீடர் போதும்.

அடோபி அக்ரோபற் ரீடர் புகழ்பெற்றது. படிவம் நிரப்பவும் கையொப்பம் இடவும் உதவுவது. ஆனால் மேற்சொன்ன செயலிகளைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பது. கணக்கில் நுழையச் சொல்லியும் கட்டண வசதிகளைக் காட்டியும் குறுக்கிடுவது. வாசிப்பு ஒன்றே நோக்கமாக உடையவருக்கு அதன் வசதிகளில் மிகுதியானவை பாரமே. கூகுள் ட்ரைவிலேயே கோப்பைத் திறந்து வாசிப்பது சிலருடைய வழக்கம். கோப்பைத் தொலைபேசியிலே சேமிக்காமல் அவ்வாறு வாசித்தால் ஒவ்வொரு முறையும் டேட்டா செலவாகும், சிக்னல் இல்லாத இடத்தில் திறக்கவும் மாட்டாது.

ஒரு செயலியை நிறுவியதும் அதனைச் சோதிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இருநூறு பக்கத்துக்குக் குறையாத ஸ்கான் நூல் ஒன்றை முன்னரே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியைப் பிளைட் மோட்டில் இட்டு, அந்நூலைத் திறந்து, நேரே 150 ஆம் பக்கத்துக்குத் தாவுங்கள். பக்கம் மூன்று நான்கு விநாடிக்குள் தெளிவாகிவிட்டால் முதற்சோதனையில் தேறியது. பின் எழுத்து வாசிக்கத்தக்க அளவுக்குப் பெரிதாக்கி அடுத்த பக்கத்துக்குப் போங்கள். பெரிதாக்கிய அளவு அப்படியே நிற்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் மறுபடி விரித்துக்கொண்டிருக்க நேர்ந்தால் அச்செயலியில் ஒரு நூலை முடிக்கும் பொறுமை எவருக்கும் வராது. அதன்பின் கமெராவைத் திறந்து ஒரு படம் எடுத்துவிட்டுச் செயலிக்குத் திரும்புங்கள். ராம் குறைந்த தொலைபேசியில் கமெரா திறந்ததும் அன்ட்ரொய்ட் பிற செயலிகளை மூடிவிடுவது வழக்கம். திரும்பி வரும்போது நீங்கள் விட்ட பக்கமே வருகிறதா என்று கவனியுங்கள். மூன்று பேர் மாறிமாறிப் பயன்படுத்தும் தொலைபேசியில் இக்குணம் இல்லாத செயலியால் ஒருவருக்கும் பயனில்லை.

அனுமதிகளைப் பற்றியும் சிறிது எச்சரிக்கை வேண்டும். வாசிப்புச் செயலிக்குக் கோப்புகளைத் தொடும் அனுமதி நியாயமானது. தொடர்பிலக்கங்கள், மைக், இருப்பிடம் ஆகியவற்றைக் கேட்கும் செயலிக்கு அவற்றைக் கேட்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை, அதை நீக்கிவிடுங்கள். பீடிஎப் ரீடர் என்ற பொதுப் பெயரோடு சிவப்பு அடையாளமிட்டுப் பிளே ஸ்டோரில் மலிந்து கிடக்கும் செயலிகளிற் பல விளம்பரத்துக்காகவே உண்டாக்கப்பட்டவை. பக்கம் திருப்பும் தோறும் முழுத்திரை விளம்பரம் காட்டி டேட்டாவை உறிஞ்சுபவை. நிறுவ முன்னர், பிளே ஸ்டோரில் அச்செயலி பற்றிய விபரத்திலே விளம்பரம் உண்டென்ற குறிப்பையும் தரவிறக்க அளவையும் பாருங்கள். நண்பரிடமிருந்து புளூடூத் மூலம் செயலியின் நிறுவற் கோப்பைப் பெறுவது டேட்டாவை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் அவர் அதனை எங்கிருந்து பெற்றார் என்று தெரியாவிடில் வாங்காமல் விடுவதே நன்று.

கோப்புகளை வைத்திருக்கும் முறை

வட்ஸ்அப்பில் வரும் ஆவணங்கள் பலவும் அதன் உட்கோப்புறை ஒன்றிலே, திகதியும் இலக்கமும் சேர்ந்த பெயர்களோடு குவிகின்றன. தரம் பதினொன்றின் கணிதக் குறிப்பு எது, நீர்க்கட்டண விபரம் எது என்று பெயரைக் கொண்டு அறிய இயலாது. நாள்தோறும் வருவனவற்றில் வேண்டியவற்றுக்கு அன்றைக்கே தமிழில் பெயரிட்டு, மெமரி காட்டில் பிள்ளைக்கு ஒன்றும் பாடத்துக்கு ஒன்றுமாக உண்டாக்கிய கோப்புறைகளுக்கு நகர்த்திவிடுங்கள். லிப்ரேராவும் ரீட்எராவும் அக்கோப்புறைகளைத் தாமே துழாவி நூற்பட்டியல் ஆக்கிக்கொள்ளும். வட்ஸ்அப்பிலே ஒரு குழுவை அழிக்கையில் ஊடகங்களையும் சேர்த்து அழித்து, ஒரு தவணையின் குறிப்புகள் முழுவதையும் இழந்த பிள்ளைகள் உண்டு. வேறிடத்துக்கு நகர்த்தியிருந்தால் அவை தப்பியிருக்கும்.

பெரிய ஸ்கான் நூல்களைத் தரவிறக்குவதற்கு வீட்டு டேட்டாவை நம்பவேண்டியதில்லை. நூலகம் தளத்திலே ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் கோப்பின் அளவு மெகாபைட்டில் குறிக்கப்பட்டிருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளை வீட்டுக்கு இருக்குமாயின், வீட்டார் விரும்பும் நூல்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால், அங்குள்ள வைபையில் தரவிறக்கி விடுமுறைக்கு வரும்போது மெமரி காட்டில் கொண்டுவரலாம். பாடநூல்களை முழு நூலாக அன்றி அத்தியாயம் அத்தியாயமாகத் தரவிறக்கும் வசதி இருக்குமிடத்து அவ்வாறே செய்யுங்கள்; டேட்டாவும் மிஞ்சும், பழைய தொலைபேசியும் இலகுவாகத் திறக்கும்.

பற்றறியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வாசித்தால் மின்சாரம் மிச்சமாகும் என்பது ஓஎல்ஈடி திரைக்கு மாத்திரம் பொருந்தும். மலிவான தொலைபேசிகளில் பெரும்பாலும் உள்ள எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் நிறத்தை மாற்றுவதால் இலாபம் இல்லை. திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதும், வாசிக்கும்போது டேட்டாவை நிறுத்தி வைப்பதுமே மெய்யான சிக்கனம். சிக்னல் நலிந்த இடத்திலே தொலைபேசி கோபுரத்தைத் தேடித் தேடியே பற்றறியைத் தீர்த்துவிடும். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இதை அலட்சியம் செய்யமாட்டார்கள். பிளைட் மோட்டில் இட்டு வாசிப்பது இருவகையாலும் நன்மை தரும்: பற்றறி நீடிக்கும், வாசிப்பவரின் கவனத்தை வட்ஸ்அப் ஒலி கலைக்காது.

தெரிந்தெடுத்த செயலி சோதனையில் தேறியபின், ஒரு பீடிஎப் கோப்பைத் தொட்டதும் எதைக்கொண்டு திறப்பது என்று தொலைபேசி கேட்கும் இடத்தில் ‘எப்போதும்’ என்பதை அழுத்தி அதையே நிலையாக்கிவிடுங்கள். பின்னர் மற்றைய வாசிப்புச் செயலிகளை நீக்குங்கள். தொலைபேசியோடு கூடவே வந்தமையால் நீக்க முடியாதவற்றை அமைப்புகளிலே செயலிழக்கச் செய்தால் அவை பின்னணியில் புதுப்பித்துக்கொண்டு டேட்டாவைத் தின்னா.